ஒன்பது எச் பென்சிலும் வன்னிப் புழுதியும்

மலிந்த பொருளால் காரைக் கழுவுகிறவர் தன் வாகனத்தைத் தானே சிறுகச் சிறுகக் கொல்கிறார், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஓடுகிற கார்கள் மங்கிப் போய்க் கிடப்பதற்கு எங்கள் சனத்தின் கஞ்சத்தனமே காரணம், இறக்குமதிப் போத்தலும் செரமிக் கோட்டிங்கும் வாங்க வக்கில்லாதவருக்குக் கார் எதற்கு என்று ஓர் அன்பர் கட்டுரையொன்றில் தீர்ப்பெழுதியிருக்கிறார். தீர்ப்பு நல்ல நீளம். சாட்சியந்தான் கட்டை. ஆனாலும் படித்தவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் காசைக் கொட்டப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால், பேசாமல் விட மனம் வரவில்லை.

முதலில் அவருடைய இரசாயனத்தைப் பார்ப்போம், அவர் அதிகம் பெருமைப்படுவது அதில்தான். மலிந்ததெல்லாம் காரம், விலைகூடியதெல்லாம் நடுநிலை: இதுதான் அவர் கண்டுபிடித்த விதி. சலவைத் தூளில் சோடியம் காபனேற்று உண்டு, அதைக் கரைத்த தண்ணீரின் பிஎச் பெறுமானம் 10ஐ எட்டும், அதைக் கொண்டு காரைக் கழுவினால் முன்பு போட்ட மெழுகு போய்விடும், றப்பர் விளிம்புகள் வறண்டுபோகும் என்பது வரை அவரோடு எனக்குச் சண்டையில்லை. சவர்க்காரக் கட்டியும் 9க்கும் 10க்கும் இடையில்தான் நிற்கும். ஆனால் சலவைத் தூளைக் குற்றக்கூண்டில் ஏற்றி விசாரித்துவிட்டு, தண்டனையை மலிந்த கார் ஷாம்புவுக்குக் கொடுப்பது எந்த ஊர் நீதி? சாதாரண கார் ஷாம்புவும் பெரும்பாலும் 7ஐ ஒட்டித்தான் செய்யப்படுகிறது, அதற்கு மந்திரம் ஒன்றும் வேண்டியதில்லை: பெரும்பகுதி தண்ணீர், அதற்குள் மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்கிற சோடியம் லோரெத் சல்பேற்று போன்ற ஒரு நுரைப்பொருள், தடிப்பாக்கக் கொஞ்சம் உப்பு, நிறம், மணம். விலைகூடிய போத்தலிலும் பெரும்பாலும் இதே குடும்பந்தான் குடியிருக்கிறது, மணம் மட்டும் செர்ரிப் பழம். சந்தேகமென்றால் சாதாரண தரம் படிக்கிற பிள்ளை ஒன்றிடம் பாசிச்சாயத்தாள் வாங்கி இரண்டையும் தொட்டுப் பார்த்திருக்கலாமே? அன்பர் தொட்டுப் பார்த்தது விலைச்சீட்டை மட்டுந்தான்.

அப்படியானால் கார்கள் ஏன் மங்குகின்றன? கதையின் முக்கிய பாத்திரத்தையே அன்பர் மேடைக்குக் கொண்டுவரவில்லை. அது மண். ஏ9 வீதியை விட்டுக் கொஞ்சத் தூரம் உள்ளே இறங்கினவருக்குத் தெரியும், கிரவல் வீதி என்றால் என்ன, முன்னால் ஒரு டிப்பர் போனால் பின்னால் வருகிறவரின் கதி என்ன என்று. எங்கள் இரணைமடுக் குளத்தின் பெயரையே தாங்கிய ஒரு மண்ணடுக்கு புவியியலில் இருக்கிறது. 'இரணைமடு உருவாக்கம்' என்று சொல்லப்படுகிற அந்தச் செம்மண்ணையும் அதன் அடியில் கிடக்கிற பரல் படையையும் இந்நாட்டின் உலர் வலயத்தில் தோண்டித்தான் தொல்லியலாளர் சிரான் தெரணியகல கற்கால மனிதரின் கருவிகளை எடுத்தார். அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை குவாட்ஸ் கல்லில் செய்தவை. ஏன் குவாட்ஸ்? வெட்டும் என்பதால். கனியங்களின் கடினத்தை அளக்கிற மோ அளவுகோலில் குவாட்ஸ் 7இல் நிற்கிறது, காரின் நிறத்துக்கு மேலே இருக்கிற கிளியர் கோட் அதற்கு வெகு கீழே. அந்தப் பூச்சின் தடிப்பு ஏறத்தாழ 35 முதல் 50 மைக்றோன். தலைமயிர் அதைவிடத் தடிப்பு. ஆதிமனிதர் வேட்டையிறைச்சி வெட்டிய கல்லின் பொடியைப் பொனற்றில் பரப்பி, மேலே காய்ந்த துணியைப் போட்டுத் தேய்த்துவிட்டு, ஷாம்பு சரியில்லை என்கிறோம்!

முறிகண்டிப் பிள்ளையாரடியில் சற்று நேரம் நின்று பாருங்கள். கார் வந்து நிற்கும், தேங்காய் உடைபடும், பொனற்றில் சந்தனமும் குங்குமமும் ஏறும். கச்சான் சரையைப் பல்லில் கவ்வியபடி சாரதி இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு பழைய பெனியனை உருவி, ஒரு உதறு உதறி, முன்கண்ணாடியைத் துடைத்து, அதே துணியால் அப்படியே பொனற்றுக்கு இறங்குவார். தண்ணீர் ஒரு துளி இல்லை. கை வட்டம் வட்டமாகப் போகும், துணியின் விளிம்பில் செம்மண் ஒரு கோடாகச் சேரும், பிள்ளையார் பார்த்துக்கொண்டே இருப்பார். பின்னேரம் அந்தக் கறுப்புக் காரின்மேல் கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தால் சிலந்தி வலை போல ஆயிரம் கீறல்கள். அந்தச் சாரதி வீட்டில் ஜேர்மன் ஷாம்பு பாவிக்கிறாரா, பரந்தன் சந்தியில் வாங்கியதைப் பாவிக்கிறாரா என்று அந்தப் பெனியனுக்குத் தெரியுமா? சேர்விஸ் ஸ்ரேசன்களின் கதை இதைவிடப் பெரிய புராணம்: வயலிலிருந்து நேரே வந்த லான்ட் மாஸ்ரரின் சேற்றைத் துடைத்த பஞ்சு, அலசாமல் கொள்ளாமல் அடுத்ததாக உங்கள் அக்சியோவின் கதவுக்கு வரும். அந்தப் பஞ்சுக்குள் நீங்கள் எந்த நாட்டு நுரையை ஊற்றினாலும் கீறப்போவது சேற்றுக்குள் இருக்கிற மணல்தான். இதைப் பற்றி அன்பர் ஒரு வரி எழுதியிருக்கிறாரா? இல்லை. பஞ்சுக்கு விளம்பரம் கிடையாதல்லவா.

இனி அவருடைய பிரம்மாஸ்திரம். செரமிக் கோட்டிங் 9எச் கடினமாம்; வைரம் 10, ஆகவே இது வைரத்துக்கு ஒரு படி கீழே என்று வாசகருக்குக் கணக்கும் செய்து காட்டியிருக்கிறார். இந்த இடத்தில் அவரைக் கோபிப்பதா, இதை அவருக்குச் சொல்லிக்கொடுத்த விற்பனைப் பிரதிநிதியைக் கோபிப்பதா என்று எனக்கு விளங்கவில்லை. வைரம் 10 என்று நிற்பது மோ அளவுகோலில். 9எச் என்பது பென்சில். ஓம், பள்ளிக்கூடத்துப் பென்சில் வகையறாதான். பூச்சுப் பூசிய தகட்டின்மேல் 9பி முதல் 9எச் வரையான பென்சில்களைச் சரிவாகப் பிடித்து ஒவ்வொன்றாகத் தள்ளி, எது வரைக்கும் கீறல் விழவில்லை என்று குறிப்பதுதான் அந்தப் பரிசோதனை. 9எச் பெற்றது என்றால், ஆகக் கடினமான பென்சிலும் அதைக் கீறவில்லை என்று அர்த்தம். பென்சில் கூரில் இருப்பது பென்சிற்கரியும் களிமண்ணும். வன்னி வீதிகளில் பென்சில் பறந்து வருவதாக நான் அறியேன். குவாட்ஸ் பறந்து வருகிறது. இன்னும் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோட்டிங்கின் அடிப்படைப் பொருள் சிலிக்கன் ஈரொட்சைட்டு, புழுதியிலுள்ள குவாட்ஸும் சிலிக்கன் ஈரொட்சைட்டு. முன்னது ஓரிரு மைக்றோன் படலம், பின்னது இறுகிய படிகம். எது எதைக் கீறும் என்று சொல்லப் பட்டதாரியா வேண்டும்?

கோட்டிங்கால் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை. காக்கை எச்சம் உடனே அரிக்காது, சேறு இலகுவில் கழன்றுவரும். ஆனால் பூசினால் தூசு ஒட்டாது என்று தொடங்கியவர், அதே கட்டுரையின் பிற்பகுதியில், கிழமைக்கு ஒருதரம், அதே கம்பனியின் ஷாம்புவால், அதே கம்பனியின் துணியால் கழுவாவிட்டால் உத்தரவாதம் செல்லாது என்று மெல்ல நுழைக்கிறார். தூசு ஒட்டாத காருக்குக் கிழமைக் கழுவல் எதற்கு? கழுவித்தான் காப்பாற்ற வேண்டுமென்றால் காப்பாற்றியது கோட்டிங்கா, கழுவலா? தன் வாதத்தைத் தானே இப்படிக் காலைவாரி விடுகிறவரோடு சண்டை பிடிப்பதற்கே கூச்சமாக இருக்கிறது.

தண்ணீரைப் பற்றியும் அவருக்குக் கவலை இல்லை. எங்கள் கிணறுகளிலும் குழாய்க்கிணறுகளிலும் பலவற்றில் இருப்பது வன்னீர். கேத்திலின் அடியில் பொருக்குக் கட்டுகிற வெள்ளை, கல்சியம் காபனேற்று. அந்தத் தண்ணீர் கோட்டிங் போட்ட காரின்மேல் அழகான உருண்டைகளாக நிற்கும், படமெடுத்துப் போட வடிவாகத்தான் இருக்கும். மத்தியான வெயில் ஒவ்வொரு உருண்டையையும் உறிஞ்சி முடிக்க ஒரு வெள்ளை வளையம் மிஞ்சும். உருண்டை எவ்வளவு திரட்சியோ, வளையம் அவ்வளவு அழுத்தம். இதற்கு மருந்து விடிய வெள்ளென நிழலில் கழுவி, தண்ணீர் காய முதல் துவாயால் ஒற்றி எடுப்பது. செலவு இல்லாத மருந்து என்பதால் கட்டுரையில் இடமில்லை.

அடுத்தது மெழுகு. கார்னோபா மெழுகு இயற்கையின் கொடை, மலிந்த பொலிஷ் எல்லாம் நஞ்சு என்று உருகுகிறார். கார்னோபா என்பது வடகிழக்குப் பிரேசிலில் நிற்கிற ஒரு பனைக்குடும்ப மரத்தின் ஓலையில் படிகிற மெழுகு. எங்கள் பனைக்குத் தூரத்துச் சொந்தம். அது உருக 82 முதல் 86 பாகை செல்சியஸ் வேண்டும், தனியாக இருந்தால் கல்லுப்போல இறுகும், ஆகவே எந்தப் பேணியிலும் அது ஒரு பங்குதான், மிச்சம் கரைப்பானும் வேறு மெழுகுகளும். மலிந்த பேணிகள் பலவற்றிலும் அதே மரந்தான். எது வாங்கினாலும் எங்கள் வெயிலில் சில கிழமைகளில் போய்விடும். ஊர்ப் பனையைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிறவர் பிரேசில் பனைக்குக் காணிக்கை கட்டுவது அவருடைய சொந்த விருப்பம். அதை அறிவு என்று எங்களுக்கு விற்க வரக்கூடாது.

கஞ்சத்தனம் என்று ஒரு சொல் விட்டாரே, அதற்கும் கொஞ்சம் கணக்குத் தீர்க்க வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் சவர்க்காரம் கிடைக்காமல் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்த சனம் இது. துளி பெற்றோல் விட்டு இயக்கி, மிச்சத் தூரத்தை மண்ணெண்ணெயில் ஓட்டின கார்கள் இந்த மண்ணில் ஓடின. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடா காய்ச்சிய பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை போரில் சிதைந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காரம் எது, நடுநிலை எது என்று அன்பர் வகுப்பெடுக்கிறார். இருப்பதைக் கொண்டு சமாளிக்கத் தெரிந்ததைக் கஞ்சத்தனம் என்று வாசிப்பதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும், அல்லது கொழும்புப் பழக்கம் வேண்டும்.

மூன்று வருசத்துக்கு ஒருக்கால் கார் மாற்றும்போது விற்பனை விலை கூடும் என்றும் ஆசை காட்டுகிறார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த இடைவெளியில் யார், எந்தக் காரை, எதற்கு மாற்றினார்கள்? இங்கே ஓடுகிற கார்களில் பல, இருபது வயது தாண்டி, ஒருமுறைக்கு மேல் பெயின்ற் அடிபட்டு, துருவை மேற்பூச்சு மறைத்திருக்கிறவை. அவற்றின்மேல் கோட்டிங் போடுவது துருவுக்குப் பொன்னாடை போர்த்துவது. இத்தனை தெரியாமலா எழுதினார்? தெரிந்திருக்கும். கட்டுரையின் கடைசியில் மூன்று போத்தல்களை ஒரு பொதியாகச் சிபாரிசு செய்து, மூன்றும் ஒரே கம்பனியினுடையவை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டவருக்கு எது தெரியாமல் இருக்கும்? ஆராய்ச்சி என்று பெயர் வைத்துப் பட்டியல் விற்பதை எங்கள் ஊரில் பேய்க்காட்டல் என்பார்கள்.

காசு போடவே கூடாதா என்று கேட்பீர்கள். போடலாம், தாராளமாக. நல்ல தடிப்பான மைக்ரோபைபர் துணிகள் சிலவற்றுக்குப் போடுங்கள், அவற்றை உடுப்போடு சேர்த்துத் தோய்க்காதீர்கள். நுரைக்கு ஒன்று, அலச ஒன்று என்று இரண்டு வாளிக்குப் போடுங்கள். தேய்க்க முதல் மண்ணைத் தண்ணீராலேயே இறக்கிவிட ஒரு பிறஷர் பம்முக்குப் போடுங்கள். ஒரு தகரக் கொட்டிலுக்குப் போடுங்கள். கீறல் எடுக்கிற பொலிஷில் மட்டும் மலிவு பார்க்காதீர்கள், கரடான கொம்பவுண்ட் கிளியர் கோட்டையே தின்றுவிடும். அன்பர் விலையைப் பற்றிச் சொன்னதில் உருப்படியானது இது ஒன்று, அதையும் அவர் அரை வரியில் கடந்துவிட்டார். ஷாம்புவுக்கு, கடையில் கிடைக்கிற மலிந்த கார் ஷாம்புவே போதும்.

இன்னும் நம்பிக்கை வராவிட்டால் அன்பருக்கு ஓர் அழைப்பு. கறுப்புக் கார் ஒன்றின் பொனற் நடுவே ரேப் ஒட்டுவோம். இடப்பக்கம் அவருடைய கோட்டிங், அவருடைய ஷாம்பு, ஆனால் சேர்விஸ் ஸ்ரேசன் பஞ்சு. வலப்பக்கம் மலிந்த ஷாம்பு, என் இரண்டு வாளி, என் துணி. சோளகம் வீசி முடியும் வரை மாங்குளம் முல்லைத்தீவு வீதியிலும் அதன் கிளைக் கிரவல் ஒழுங்கைகளிலும் கார் ஓடட்டும். பிறகு ஓர் இரவு வெளிச்சம் அடித்துப் பார்ப்போம். தீர்ப்பை வாசகர் சொல்லட்டும், ரேப்புக் காசு என்னுடையது.