முதலில் மழைமானி, பிறகு ட்ரோன்

காவிரி டெல்டாவில் சம்பா சாகுபடி செய்கிறவர் இன்று வறட்சிக்கு மட்டும் அஞ்சிப் பயனில்லை. 2016-இல் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தில் பாதியளவுகூடப் பெய்யாமல் பயிர் கருகக் கண்ட அதே பிரதேசம், 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும், மழைக்காலம் ஓய்ந்துவிட்டதென்று நம்பி அறுவடைக்கு ஆள் தேடிக்கொண்டிருந்த வேளையில் கொட்டிய மழையில், முற்றிய கதிர்கள் சாய்ந்து நீரில் மூழ்கக் கண்டது.

ஆகவே துல்லியப் பண்ணையம் என்னும் புதிய சாஸ்திரத்தை நான் மனமார வரவேற்கிறேன். தமிழகத்துக்கு அது முற்றிலும் புதிதன்று. 2004-05-லேயே வேளாண்மைப் பல்கலைக்கழகம் தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் சொட்டுநீரோடு கரையும் உரத்தையும் அளந்து கொடுத்துக் காய்கறி விளைவித்துக் காட்டியிருக்கிறது. ஆனால் இப்போது அந்தப் பெயரைச் சொன்னதும் எல்லாருடைய கண்ணும் ஆகாயத்தில் ட்ரோனைத் தேடுகிறது. ஒரு நிலக் கைப்பற்றின் சராசரிப் பரப்பு முக்கால் ஹெக்டேராக உள்ள மாநிலத்தில், கூலியாள் பஞ்சத்துக்கு மருந்து தெளிக்க அது உதவலாம்; பருவம் தவறும் மழைக்கு அது பரிகாரமாகாது.

பரிகாரத்துக்குச் சமீபமானவை விலை குறைந்தவை. பக்கங்களில் துளையிட்ட குழாயொன்றை வயலில் பதித்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின்பே மறுபடி பாய்ச்சி, பூக்கும் பருவத்தில் மட்டும் நீரை வற்றவிடாமல் காத்தால், மகசூல் குறையாமலே முப்பது சதவீதம் வரை தண்ணீர் மிச்சமாகும் என்பது சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் பல தேசங்களில் பரீட்சித்த உண்மை. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் குடியானவர்கள் சொல்லிவந்த முறைக்கு அந்தக் குழாய் ஓர் அளவுகோல் தந்திருக்கிறது, அவ்வளவுதான். முறைநீர் எப்போது வருமென்று தெரியாத கடைமடைக்காரர், வந்த நீரை வெளியே விட மனம் துணிவாரா என்பது வேறு சங்கதி; அந்த நிச்சயத்தைப் பாசன இலாகாதான் தர வேண்டும்.

இழப்பை அளப்பதிலும் துல்லியம் அவசியம். பயிர்க் காப்பீட்டில் மகசூல் நஷ்டம் ஊர் முழுவதற்குமான சராசரியால் நிர்ணயிக்கப்படுவதால், மேட்டு வயல்கள் தப்பிய ஊரில் பள்ளக்கால் வயற்காரருக்கு அந்தக் கணக்கில் ஒன்றும் தேறாமற் போகக்கூடும். மேகத்தை ஊடுருவி இரவிலும் நோக்கவல்ல ரேடார் செயற்கைக்கோளை ஐரோப்பியர் 2014-லேயே அனுப்பி, அதன் தரவுகளை யாவருக்கும் இலவசமாகத் திறந்துவைத்திருக்கிறார்கள். வெள்ளம் எந்த வயலில் எத்தனை நாள் நின்றது என்ற விவாதத்தில், அதிகாரியின் ஞாபகத்தையும் விவசாயியின் கண்ணீரையும்விட அந்தச் சாட்சியம் மேலானது.

எனினும் வானத்துச் சாட்சிக்கு மண்ணிலும் ஒரு சாட்சி வேண்டும். ஊராட்சிதோறும் தானியங்கி மழைமானி நிறுவும் திட்டத்தை மத்திய அரசு 2023-இல் ஆரம்பித்தது. ட்ரோனுக்கு மானியம் ஒதுக்குவதற்கு முன்பு டெல்டா ஊராட்சிகளில் அந்த வேலையை முடித்து, பதிவாகும் அளவை அன்றன்றே ஊர்ப் பலகையில் எழுதிவைக்கும்படி மாநில அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.