கருவியைப் பிடுங்காதீர்கள், சொல்லிக்கொடுங்கள்

முதல் தலைமுறை ஆய்வு மாணவர் ஒருவர் பிழையில்லாத ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், 'இதை நீயா எழுதினாய்?' என்று கேட்கிறார்கள். பிழையோடு கொடுத்தால், 'ஆங்கிலமே வரவில்லை, எதற்கு பிஎச்.டி?' என்கிறார்கள். வேறு எப்படித்தான் எழுதுவது?

கிராமர்லியும் சாட்ஜிபிடியும் வந்து கல்வியின் நேர்மையே கெட்டுவிட்டது என்று புலம்புகிறவர்களே, உங்கள் கட்டுரைகளை யார் திருத்தித் தந்தார்கள்? கான்வென்ட் பள்ளி, ஆங்கிலம் பேசும் வீடு, பேராசிரியராக இருக்கும் சித்தப்பா. உங்களுக்குக் கிடைத்த உதவிக்குப் பெயர் 'பின்புலம்'. எங்கள் கைபேசியில் இருக்கும் உதவிக்கு மட்டும் 'மோசடி'யா?

இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்களின் லட்சணமும் தெரிந்ததுதான். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2023இல் அப்படிப்பட்ட 7 மென்பொருள்களைச் சோதித்தார்கள். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் தேர்வுக்காக எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 விழுக்காட்டை அவை இயந்திரம் எழுதியதாகக் காட்டின. அமெரிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளுக்கு அநேகமாக அந்தச் சிக்கல் வரவில்லை. எளிய, பழகிய சொற்களில் எழுதினால் இயந்திரமாம்! நாங்கள் கற்ற ஆங்கிலமே அதுதானே.

கருத்துத் திருட்டு பற்றிய யுஜிசியின் 2018 ஒழுங்குமுறையில் 10 விழுக்காடு வரம்பு எல்லோருக்கும் மனப்பாடம். திருட்டைக் கண்டறியும் கருவிகளையும் மேற்கோள் மேலாண்மைக் கருவிகளையும் பயன்படுத்த மாணவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்று சொல்வதும் அதே ஒழுங்குமுறைதான். நான் பார்த்த துறைகளில் விழுக்காடு அமலாகிறது, பயிற்சி அமலாகவில்லை.

பயிற்சி என்றால் வருகிற திருத்தத்தையெல்லாம் ஏற்றுக்கொள்ளும் பழக்கம் அல்ல. 'சேரி' என்று நாம் எழுதியதைக் கருவி 'ஸ்லம்' ஆக்கினால் மறுக்கத் தெரிய வேண்டும். ஸ்லம் வறுமையைச் சொல்கிறது. சேரியோ ஊர் நம்மை ஒதுக்கிவைத்த வரலாற்றைச் சொல்கிறது. 'ஊர்க்காரர்கள் கோயிலுக்குள் விடவில்லை' என்ற வாக்கியம் மெருகேறி வரும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று மட்டும் மிஞ்சினால், மறுத்தவன் எங்கே போனான்? இந்தக் கேள்வியை எந்த மென்பொருளும் கேட்காது, மாணவர்தான் கேட்க வேண்டும். வாதத்தை முதலில் தமிழில் எழுதி முடிப்பது, பிழை ஏன் பிழை என்று கருவியிடமே விளக்கம் கேட்பது, கூகுள் டாக்ஸில் ஒவ்வொரு வரைவையும் சேமித்து வைப்பது, இவையும் பயிற்சிதான். நாளை யாராவது விரல் நீட்டினால் அந்த வரைவுகளே சாட்சி.

பிஎச்.டி சேர்ந்தவர்களுக்கு ஆய்வு நெறிமுறைகள் பற்றி 30 மணி நேரப் பாடம் ஏற்கெனவே கட்டாயம். அதில் 10 மணி நேரத்தைக் கணினி ஆய்வகத்தில் இதற்கு ஒதுக்குங்கள். கருவிகளுக்கான சந்தாவைப் பல்கலைக்கழகம் கட்டட்டும், உதவித்தொகை எப்போது வரும் என்று காத்திருக்கும் மாணவர் அல்ல.