ஏகலைவனுக்கும் ஆசான் வேண்டும்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி



வில்வித்தை என்றதும் நம் வீடுகளில் முதலில் சொல்லப்படுவது ஏகலைவன் கதைதான். துரோணர் கற்பிக்க மறுத்தார். அவனோ காட்டுக்குப் போய், மண்ணால் குருவின் உருவம் செய்து வைத்து, தானே பழகி, அருச்சுனனே திகைக்கும் வில்லாளி ஆனான். "மனசு இருந்தால் போதும், வாத்தியார் எதற்கு?" என்று என் தாத்தா இக்கதையை முடிப்பார். நானும் அதை நம்பினேன். சென்ற கோடை விடுமுறைக்குப் பிறகு நம்பவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விடுமுறைக்குத் தஞ்சாவூர் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கு நடந்த மூன்று வார வில்வித்தை முகாம் ஒன்றில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். முதல் வாரம் எனக்குப் பெருத்த ஏமாற்றம். வண்ண வளையங்கள் போட்ட இலக்குத் தாளைக் கண்ணில் காட்டவே இல்லை. வைக்கோல் திணித்த தட்டிக்கு 5 அடி தூரத்தில் நிறுத்தி, கண்ணை மூடிக்கொண்டு எய்யச் சொன்னார் பயிற்சியாளர். இந்தத் தூரத்தில் என் தம்பிகூடக் குறி தவற மாட்டானே என்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டேன். நான்கு நாள் போன பிறகே காரணம் விளங்கியது. இலக்கைக் கண்டுவிட்டால் மனம் அதன் பின்னால் ஓடிவிடுகிறது. கால் எப்படி நிற்கிறது, தோள் உயர்கிறதா, நாணை இழுத்த கை மோவாயின் கீழ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து அமர்கிறதா என்றெல்லாம் கவனிக்க ஆள் இல்லாமல் போகிறது.

இரண்டாம் வாரம் 10 மீட்டரிலிருந்து எய்தோம். என் ஐந்து அம்புகளும் இலக்கின் கீழே இடப்பக்க ஓரத்தில், ஒரு கைப்பிடி அளவு இடத்தில் குத்தி நின்றன. பக்கத்தில் நின்ற பெண்ணின் அம்புகளோ தாள் முழுவதும் சிதறியிருந்தாலும், ஒன்று நடு மஞ்சளில் நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் பயிற்சியாளர் பாராட்டியது என்னைத்தான். "நீ ஒரே தப்பை அஞ்சு தடவை பண்ணியிருக்கே. ஒரு தப்பைத் திருத்திடலாம். அஞ்சும் வேற வேற தப்பா இருந்தா எதைத் திருத்தறது?" என்றார்.

மன்னார்குடி திரும்பியதும் மாமா எனக்கு மூங்கிலில் வில் ஒன்று செய்து கொடுத்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோல் போர் உண்டு. ஏகலைவனை நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் நாள்தோறும் மாலையில் 50 அம்பு எய்தேன். பிறகு அத்தை வீட்டு விசேஷத்துக்குப் போனபோது, பெருமையோடு பயிற்சியாளரிடம் எய்து காட்டினேன். மூன்றாவது அம்பிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார். என் இடது முழங்கை உள்பக்கம் திரும்பியிருந்தது. அதனால்தான் நாண் முன்கையில் அடித்து அடித்துக் கன்றிப் போயிருந்தது. அதைவிட மோசம், அம்பு எங்கே போகிறது என்று பார்க்கும் ஆசையில், அது வில்லை விட்டுப் போகும் முன்பே தலையைத் தூக்கியிருக்கிறேன். "தினமும் பழகினேன் சார்" என்றேன். "தெரியுதும்மா. தப்பை நல்லாப் பழகியிருக்கே" என்றார். மூன்று வாரத்தில் கற்றதை மறக்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதத்தில் படிந்ததை மறக்க அதைவிட அதிக நாள் ஆகிறது! நம் தையல் வகுப்பில் சிஸ்டர் ஏன் பத்தாவது தையல் வரை காத்திராமல் முதல் தப்பிலேயே பிரிக்கச் சொல்கிறார்கள் என்பது இப்போது புரிகிறது.

தலை சிறிது அசைந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் பாடத்தில் நாம் படிக்கும் முக்கோணவியலே பதில் சொல்லும். ஒலிம்பிக்கில் இலக்கு 70 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதன் மொத்த அகலம் 122 செ.மீ. பத்து மதிப்பெண் தரும் நடுவட்டம் 12.2 செ.மீ. மட்டுமே, ஒரு தேநீர்க் கோப்பைத் தட்டு அளவு. நடுவைக் குறி வைத்த அம்பு ஒரே ஒரு பாகை பக்கவாட்டில் விலகினால், அங்கே போய்ச் சேரும்போது சுமார் 122 செ.மீ. தள்ளிப் போகும். பத்தும் இல்லை, ஒன்றும் இல்லை, இலக்குக்கே வெளியே! அரைப் பாகை விலகினாலும் ஓரத்தைத்தான் தொடும். இந்த அரைப் பாகை எய்பவளுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

ராஞ்சிக்கு அருகில் ஆட்டோ ஓட்டுநரின் மகளாகப் பிறந்த தீபிகா குமாரியும் மூங்கில் வில்லில் தொடங்கியவர்தான். 2005இல் கர்சாவானில் ஒரு வில்வித்தைக் கழகத்திலும், 2006இல் ஜாம்ஷெட்பூரில் டாடா வில்வித்தைக் கழகத்திலும் சேர்ந்தார். 2010இல் தில்லி காமன்வெல்த் போட்டியில் இரண்டு தங்கம் வென்றபோது அவருக்கு வயது 16. "நான்கு ஒலிம்பிக் போயும் பதக்கம் இல்லையே, பயிற்சியால் என்ன பயன்?" என்று சிலர் பேசுகிறார்கள். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. கூட்டத்துக்கு நடுவே எய்வதற்கும் தனிப் பயிற்சி வேண்டும் என்பதையே அது காட்டுகிறது. தென் கொரியர் இதற்காக ரசிகர் இரைச்சல் நிறைந்த விளையாட்டு அரங்குகளில் போய்ப் பழகுகிறார்கள். 1988 முதல் 2024 வரை ஒலிம்பிக் மகளிர் அணிப் போட்டியில் 10 முறையும் தங்கம் அவர்களுக்கே. டோக்கியோவில் மூன்று தங்கம் வென்ற ஆன் சானுக்குக்கூட, தேர்வில் தேறாததால் 2024 பாரிஸ் அணியில் இடம் கிடைக்கவில்லை. சென்ற மூவருக்கும் அதுவே முதல் ஒலிம்பிக். அவர்களும் வென்று வந்தார்கள்.

எல்லாரையும்விட என் மனத்தில் நிற்பவர் ஷீதல் தேவி. ஜம்மு காஷ்மீரின் கிஷ்த்வார் மலைப்பகுதியில் இரு கைகளும் இல்லாமல் பிறந்தவர். காலால் வில்லைப் பிடித்து, தோளால் நாணை இழுத்து எய்கிறார். அவருக்குக் கற்றுக்கொடுக்க எந்தப் புத்தகத்திலும் பாடம் இருந்திருக்காது. பயிற்சியாளர்களே அவர் உடலுக்கேற்ற கருவியும் முறையும் கண்டார்கள். 2023 ஆசிய பாராப் போட்டியில் இரண்டு தங்கம், 2024 பாரிஸில் ராகேஷ் குமாருடன் வெண்கலம், 2025இல் உலகப் போட்டியில் தங்கம். மண் உருவம் இதைச் செய்திருக்குமா?

(ஏகலைவனைப் பற்றி இன்னொன்று. இன்றைய ஒலிம்பிக் வில்லில் நாணை இழுப்பது ஆட்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றுமே. கட்டைவிரலுக்கு அங்கே வேலை இல்லை. பாவம், அவன் இக்காலத்தில் பிறந்திருக்கலாம்!)

வில்வித்தை பணக்கார விளையாட்டு என்பார்கள். ஒலிம்பிக் வில் விலை மிகுந்தது, மறுக்கவில்லை. ஆனால் நம் நாட்டில் 'இந்தியன் ரவுண்ட்' என்ற பிரிவில் மூங்கிலாலும் மரத்தாலும் ஆன எளிய வில்லைக் கொண்டே போட்டி நடக்கிறது. இடத்துக்கும் நமக்குக் குறைவில்லை. ஊரடங்கின்போது அரியானாவில் ஹர்விந்தர் சிங்குக்காக அவர் தந்தை தம் நிலத்தையே பயிற்சிக் களமாக்கிக் கொடுத்தார். 2024 பாரிஸ் பாராலிம்பிக்கில் அந்த மகன் தங்கம் வென்றார். சம்பா அறுவடை முடிந்து, உளுந்து தெளிக்காத வயல்கள் நம் ஊரைச் சுற்றி எத்தனை சும்மா கிடக்கின்றன! ஆனால் வரப்பில் ஆடும் வரும், பிள்ளைகளும் வருவார்கள். பொறுப்பான ஒரு பெரியவர் நின்று, பின்புறம் ஆள் இல்லை என்று பார்த்துச் சொன்ன பிறகே நாணைத் தொட வேண்டும். ஆகவே இதற்கும் ஆசான்தான் வேண்டியிருக்கிறது.

பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளைகள் சிறப்பு வகுப்புகளாக மாறுவது பல பள்ளிகளில் வழக்கம். அரசுத் தேர்வு முக்கியம் என்பதை நான் அறியாதவள் அல்ல. ஆயினும் ஐந்து வயதிலிருந்து பழகிய உடம்பை, பதினைந்து வயதில் ஓராண்டு நாற்காலியில் கட்டிவைத்தால், அதன் பிறகு பெரும்பாலான பெண்கள் மைதானத்துக்குத் திரும்புவதே இல்லை. என் அக்காமார் இருவரும் திரும்பவில்லை. "வயசுக்கு வந்த பெண்ணுக்கு வில் எதற்கு?" என்று வீட்டில் கேட்பதற்கு, "நேரமில்லை" என்று பள்ளி சொல்வது துணை போகிறது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை போதும். சனிக்கிழமையில் பயிற்சியாளர் ஒருவர் வந்து இரண்டு மணி நேரம் எங்கள் முழங்கையைப் பார்த்துச் சொன்னால் போதும். நான்கு மூங்கில் வில்லும் வைக்கோலும் நாங்களே கொண்டுவருகிறோம். இதைத் தலைமைச் சகோதரி அவர்களிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தாத்தா இன்னும் ஏகலைவன் கட்சிதான். ஆனால் இப்போதெல்லாம் நான் வில்லை எடுத்தால், கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "தலையைத் தூக்கிட்டே, தூக்கிட்டே!" என்று ஒவ்வொரு அம்புக்கும் சத்தம் போடுவது அவர்தான்.