நடேசய்யர் எப்படித் தோற்றார்?

கோதண்டராம நடேசய்யரின் பெயர் மலையகத்து விழா மேடைகளில் அடிக்கடி உச்சரிக்கப்படுகிறது. தோட்டத் தொழிற்சங்கத்தின் முன்னோடி, பத்திரிகையாளர், சட்டசபையில் துரைமாரை எதிர்த்துப் பேசிய வீரர் என்றெல்லாம் பேச்சாளர்கள் புகழ்கிறார்கள். ஆனால் எவரும் அவருடைய கடைசிப் பத்தாண்டுகளைப் பற்றிப் பேசுவதில்லை. யாருடைய உரிமைக்காக வாழ்நாளைச் செலவிட்டாரோ, அந்த மக்களின் வாக்காலேயே 1947இல் தோற்கடிக்கப்பட்டவர் அவர். அதே ஆண்டு நவம்பர் மாதம் காலமானார். அடுத்த நவம்பரில் அந்த மக்களின் பிரஜாவுரிமையே பறிபோயிற்று. இவ்வளவு நெருக்கமாக வந்த மூன்று நிகழ்ச்சிகளையும் சேர்த்துப் பார்க்க நமக்கு மனம் வரவில்லை. அதனால் எழுச்சியை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு வீழ்ச்சியை விட்டுவிட்டோம்.

கண்டியில் இருந்துகொண்டு அவரைப் பற்றி எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. ஹட்டன் அவருடைய களம் என்றால், அவருடைய எதிரிகளின் தலைநகரம் கண்டி. இலங்கைத் தோட்டத்துரைமார் சங்கம் 1854இல் தொடங்கப்பட்டது இந்த நகரத்தில்தான். விக்டோரியா மகாராணியின் ஞாபகார்த்தமாக எழுப்பப்பட்ட கட்டடத்தில் அதன் தலைமையகம் இருந்தது. தலதா மாளிகைக்கும் வாவிக்கும் வருகிறவர்களில் எத்தனை பேர் அந்தக் கட்டடத்தை நின்று பார்க்கிறார்கள்? மன்னாரிலிருந்து காட்டுவழியாக மாத்தளை வரை நடந்து வந்து, பிழைத்தவர் பிழைக்க மாண்டவர் மாள, கோப்பித் தோட்டங்களை உண்டாக்கிய மக்களின் கூலியும் கடனும், அவர்கள் எப்போது வரலாம் எப்போது போகலாம் என்பதும் நெடுங்காலம் அந்தச் சங்கத்தின் விருப்பத்தை ஒட்டியே தீர்மானமாயின. நடேசய்யர் 1933இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலுக்குத் 'தோட்டத் துரைமார் ராஜ்யம்' என்று பொருள்படும் தலைப்பைச் சூட்டினார். அதை மிகையென்று சொல்ல முடியாது.

தஞ்சாவூர்ப் பிராமணரான அவர் 1915ஆம் ஆண்டளவில் வர்த்தகர் சங்க வேலையாக முதலில் இலங்கைக்கு வந்தார். பிறகு 1920ஆம் ஆண்டளவில் இங்கேயே தங்கிவிட்டார். தோட்டம் என்பது அன்று ஒரு தனியார் கோட்டை. அத்துமீறிப் பிரவேசித்த குற்றத்துக்கு எவரையும் நீதிமன்றத்தில் நிறுத்தலாம். புடைவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் நுழைந்து அவர் தொழிலாளரின் நிலையை நேரில் அறிந்தார் என்பது மலையகத்தில் இன்றும் சொல்லப்படும் கதை. அதன்பின் அவர் கையிலெடுத்தது பத்திரிகை. 1921இல் 'தேசநேசன்', 1924இல் 'தேசபக்தன்' என அடுத்தடுத்து வெளிவந்தன. கொழும்பில் ஏ. ஈ. குணசிங்காவின் தொழிற்சங்கத்தில் உப தலைவராகச் சேர்ந்தார். 1925இல் இடைத்தேர்தல் வழியாகச் சட்டநிரூபண சபைக்குச் சென்றார். வந்து குடியேறி ஐந்தாறு ஆண்டுகளுக்குள் ஒருவர் நாட்டின் உச்ச சபையில் அமர்ந்தார் என்பது, எந்த நாட்டின் குடியேற்ற வரலாற்றிலும் எளிதில் காணக் கிடைக்காத ஏற்றம்.

இவ்விடத்தில் அமெரிக்காவில் குடியேறிய ஒரு ஜப்பானியரின் கதை நினைவுக்கு வருகிறது. கின்ஜி உஷிஜிமா என்ற இயற்பெயர் கொண்ட ஜோர்ஜ் ஷீமா 1889இல் கலிபோர்னியாவுக்குப் போனார். விவசாயக் கூலியாகத் தொடங்கியவர், சதுப்பு நிலங்களைத் திருத்தி உருளைக்கிழங்கு பயிரிட்டு, 'உருளைக்கிழங்கு ராஜா' என்று பத்திரிகைகள் எழுதுமளவுக்கு உயர்ந்தார். அவ்வளவு பணமிருந்தும், பேர்க்லி நகரில் வீடு வாங்கியபோது அயலவர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கலிபோர்னியா 1913இல் ஒரு காணிச் சட்டம் இயற்றியது. அதில் ஜப்பானியர் என்ற சொல் கிடையாது. 'பிரஜையாகத் தகுதியற்ற அந்நியர்' நிலம் வாங்கக் கூடாது என்று மட்டுமே இருந்தது. யார் தகுதியற்றவர் என்பதை 1922இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தக்காவோ ஒசாவா வழக்கில் சொல்லிற்று. ஒசாவா கலிபோர்னியாவிலேயே படித்தவர். வீட்டில் ஆங்கிலம் பேசியவர். ஆனாலும் வெள்ளையர் அல்லர் என்ற காரணத்தால் அவருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்று தீர்ப்பாயிற்று. 1924இல் ஜப்பானியரின் குடிவரவு முற்றாகத் தடுக்கப்பட்டது. ஷீமா 1926இல், அமெரிக்கப் பிரஜையாகாமலேயே இறந்தார்.

இந்தச் சட்டத்தின் உத்தி நமக்குப் பழக்கமானதுதான். 1935இல் நமது அரசாங்க சபை இயற்றிய காணி அபிவிருத்திச் சட்டம், முடிக்குரிய காணியை 'இலங்கையருக்கு' வழங்குவது பற்றிப் பேசியது. இலங்கையர் என்பதற்கு அது கொடுத்த வரைவிலக்கணத்தில் தோட்டத் தமிழர் அடங்கவில்லை. தமிழர் என்றோ இந்தியர் என்றோ பெயர் சொல்லி விலக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, கிராமச் சபை வாக்குரிமையிலிருந்தும் தோட்டத் தொழிலாளர் ஒதுக்கப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் திடீரென்று விழுந்த இடி என்று நாம் எழுதிவருகிறோம். முகில் கூடியது பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே.

நடேசய்யர் அந்த முகிலை நேருக்கு நேர் கண்டவர். குணசிங்காவோடு அவருக்கு ஏற்பட்ட பிரிவே அதன் முதல் அறிகுறி. துறைமுகத்திலும் ஆலைகளிலும் எல்லா இனத் தொழிலாளரையும் திரட்டிய குணசிங்கா, 1920களின் இறுதியில் வேலையில்லாப் பிரச்சினை முற்றியதும் இந்தியத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். நடேசய்யர் வெளியேறி, 1931இல் ஹட்டனில் அகில இலங்கை இந்தியத் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். காலமோ கொடியது. 1927ஆம் ஆண்டின் சட்டப்படி மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம் என்று குறைந்தபட்ச நாட்கூலி நிர்ணயமாகியிருந்தது. உலகப் பொருளாதார மந்தத்தைக் காரணம் காட்டி அந்தச் சொற்பத்தையும் 1932, 1933ஆம் ஆண்டுகளில் குறைத்தார்கள். சம்மேளனம் எதிர்த்துக் குரல் கொடுத்தது. மனைவி மீனாட்சி அம்மாள் தோட்டத்துச் சந்திகளில் பாடிப் பாடி ஆட்களைக் கூட்டுவார்; அதன்பின் கணவர் பேசுவார். அம்மையாரின் பாட்டுப் புத்தகம் 1940இல் வெளிவந்தது. அந்த அம்மையாரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

1936இல் ஹட்டன் தொகுதி மக்கள் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பினார்கள். 1931இல் அதே தொகுதியின் பிரதிநிதி, தொழில் அமைச்சராகவும் விளங்கிய பெரி. சுந்தரம். கேம்பிரிட்ஜில் படித்த ஒரு வழக்கறிஞரின் இடத்துக்கு, லயத்து வாசலில் நின்று பேசுகிற ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். அவருடைய வாழ்வின் சிகரம் இதுதான்.

பிறகு எப்படித் தோற்றார்? துரைமாரும் சிங்களத் தலைவர்களும் அவரை வீழ்த்தினார்கள் என்று சொல்லிவிடுவது நமக்கு வசதி. உண்மை அப்படியில்லை. 1939இல் அரச துறையில் நாட்கூலிக்கு இருந்த இந்தியரை வேலைநீக்கும் நடவடிக்கை தொடங்கியதும், அதுபற்றிப் பேச நேரு கொழும்புக்கு வந்தார். பேச்சு பலிக்கவில்லை, அவர் வருகையின் பயனாக இலங்கை இந்தியன் காங்கிரஸ் பிறந்தது. வர்த்தகர்களும், படித்தவர்களும், தோட்டம் வாங்குமளவுக்கு உயர்ந்த கங்காணிக் குடும்பத்தவர்களும் அதில் சேர்ந்தார்கள். கம்பளைக் கிளையின் தலைமைக்கு வந்த இளைஞர் சௌமியமூர்த்தி தொண்டமானின் தந்தை, கூலியாக வந்து தோட்ட உரிமையாளரானவர். காங்கிரஸுக்குப் பணமிருந்தது, ஊர்தோறும் கிளையிருந்தது, காந்தி நேரு படங்கள் இருந்தன. நடேசய்யருக்கு இருந்ததெல்லாம் அவருடைய குரலும் பேனாவும்தான். பெரிய கங்காணிமாரை எழுத்தில் அவர் தாக்கிய தாக்குதல் அவர்களுக்கு மறந்திருக்காது.

பத்திரிகையிலும் அவருடைய காலம் போய்க்கொண்டிருந்தது. 1930இல் சுப்பிரமணியம் செட்டியார் 'வீரகேசரி'யைத் தொடங்கினார். 1932இல் 'தினகரன்' வந்தது. முதலீடும் அச்சு இயந்திரங்களும் விநியோக ஏற்பாடும் உள்ள நாளிதழ்கள் வந்தபின், ஆசிரியரே நிருபராகவும் நிர்வாகியாகவும் ஓடி நடத்துகிற ஏடு நிற்க முடியாது. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இடதுசாரிகளும் மலையேறிவிட்டார்கள். 1937இல் கண்டிக்கு அப்பால் மடுல்கெலையில் தோட்டத் தொழில் பழக வந்த பிரேஸ்கேடில் என்ற வெள்ளை இளைஞர் சமசமாஜிகளுடன் சேர்ந்து நாவலப்பிட்டியில் தொழிலாளர் கூட்டத்தில் பேசினார். அவரை நாடுகடத்த ஆளுநர் கட்டளையிட்டபோது அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்குகளால் கண்டித்தது. உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. ஒரு வெள்ளைக் குடியேறிக்காக அவ்வளவு ஆவேசமாக எழுந்த சபையில், இலட்சக்கணக்கான தமிழ்க் குடியேறிகளுக்காக எத்தனை கைகள் உயர்ந்தன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்குப் பலியானார். அப்போது அங்கே போராட்டத்தின் முன்னணியில் நின்றவர்கள் சமசமாஜிகள். ஒரு பக்கம் காங்கிரஸ், மறுபக்கம் சமசமாஜிகள் என்று களம் பிரிந்தபோது நடேசய்யரின் சம்மேளனத்துக்கு இடம் சுருங்கிவிட்டது.

ஆகவே 1947இல், காங்கிரஸுக்கு வெளியே நின்று போட்டியிட்ட அவர் தோற்றதில் வியப்பில்லை. காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அந்த வெற்றியே ஆட்சியாளரை அச்சுறுத்தியது. ஏழு ஆசனங்களோடு நில்லாமல், வேறு பல தொகுதிகளில் இடதுசாரிகள் வெல்லவும் தோட்டத்து வாக்குகள் உதவியிருந்தன. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டமும், 1949இல் வாக்குரிமையைப் பறித்த சட்டமும் நிறைவேறின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதே 1952இல்தான் அமெரிக்கா, ஜப்பானியரும் பிரஜையாகலாம் என்று சட்டத்தை மாற்றியது. அங்கே அந்தக் கதவு திறந்த காலத்தில் இங்கே பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டிருந்தோம். கொடாக்கன்பிள்ளை வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1953இல் தோற்றது.

நடேசய்யர் உயிரோடு இருந்திருந்தால் தடுத்திருப்பாரா? தடுத்திருக்க முடியாது என்பதே என் கருத்து. ஆனால் அவர் தோற்றபோது தோற்றது ஒரு மனிதர் மாத்திரமல்லர், ஓர் அரசியல் முறையும்கூட. தொழிலாளியிடம் நேரே போய், அவனுக்குப் புரியும் தமிழில் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்து, நாடகமும் பாட்டும் எழுதி, அவனையே அவனுக்காகப் பேச வைக்கும் முறை அது. 1930களில் அவர் வெளியிட்ட சிறு நூல்கள் பெரும்பாலும் இந்த நோக்கத்துக்காகவே எழுதப்பட்டவை. அவருக்குப் பின் வந்த தலைமைகள் தொழிலாளிக்காகப் பேரம் பேசின. சிலவற்றைப் பெற்றும் தந்தன. அதை மறுப்பது நன்றிகேடு. 2003ஆம் ஆண்டின் சட்டம்வரை பிரஜாவுரிமை படிப்படியாகத் திரும்பி வந்ததில் அவர்களுடைய பேரத்துக்குப் பங்குண்டு. ஆயினும் பேரம் பேசப்பட்ட மேசையில் தொழிலாளி இருந்ததில்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்துக்கொண்டபோது, அந்தத் தொகையில் அடங்கிய எவரிடமும் அபிப்பிராயம் கேட்கப்படவில்லை. பெட்டி கட்டிக்கொண்டு கண்டியிலிருந்தும் கம்பளையிலிருந்தும் தலைமன்னார் ரயிலேறியவர்களின் அழுகையை இந்தத் தலைமுறையின் பாட்டிமார் இன்னும் சொல்வார்கள்.

2023இல் மலையகத் தமிழரின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். நல்ல முயற்சி, பழைய பாதையின் துன்பத்தைத் தென்னிலங்கைக்கும் ஓரளவு உணர்த்தியது. நடந்தவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் முக்கியமானது காணி. 1935ஆம் ஆண்டின் சட்டத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் பேர்ச்சஸ் கணக்கில் வீட்டு நிலம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் மொழியை வரிவரியாகப் படித்துக் கண்டியிலும் ஹட்டனிலும் இளைஞர் வகுப்பெடுக்கலாம். நடேசய்யரை மேடையில் புகழ்வதைவிட அது அவருக்குப் பிடித்த வேலையாக இருந்திருக்கும்.

அவருடைய வாழ்க்கையைத் தேடிப்பிடித்து எழுதிய பெருமை சாரல் நாடனுக்குரியது. அந்த நூலையும், துரைமார் ராஜ்யம் பற்றி நடேசய்யரே ஆங்கிலத்தில் எழுதியதையும் பேராதனையில் படிக்கும் மலையக மாணவர்கள் சிங்களத்தில் பெயர்க்க முன்வந்தால், வெளியீட்டுச் செலவுக்குக் கண்டியிலேயே ஆட்களைச் சேர்த்துவிடலாம். அவர்கள் எழுதினால், என்னாலானதைச் செய்கிறேன்.