ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல

பதிவு கொஞ்சம் நீளம். கோபத்தில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் தங்கை மகன் தன் பழைய மாருதி 800-ல் குடும்பத்தோடு தேனிக்குப் போனான். ஆண்டிபட்டி கணவாய் ஏறும்போது வண்டி கொதித்துவிட்டது. ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, ஒருவழியாக மதுரை வந்து சேர்ந்தான். இங்கே ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஐந்தே நிமிடத்தில், "ஹெட் கேஸ்கெட் போயிருச்சு, ஹெட்டை இறக்கணும்" என்று 14,000 ரூபாய்க்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எழுதியவர் ரேடியேட்டர் மூடியைக் கழற்றிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் காலை என் வீட்டு வாசலில் வைத்து நான் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் வாஷர் அப்பளம் மாதிரி நொறுங்கியது. புது மூடி 200 ரூபாய்க்குள் முடிந்தது. நேற்று அதே வண்டி அதே கணவாயை ஏறி இறங்கிவிட்டது.

"மூடிதானே மாமா, தண்ணி சிந்தாம இருந்தாப் போதாதா?" என்கிறான். போதாதப்பா! ஒன்பதாம் வகுப்பில் உனக்குப் பிரஷர் குக்கரை வைத்து நான் நடத்திய பாடம்தான் இது. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும். மூடியின் தலையில் 0.9 என்று போட்டிருக்கும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அந்த அளவு அழுத்தம் வரும்வரை திறக்காது. அதனால் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் ஏறத்தாழ 119 டிகிரி வரை கொதிக்காமல் தாங்குகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ ரப்பர் இறுகினாலோ அந்த 19 டிகிரியும் போச்சு. மலை ஏறினால் இன்னும் மோசம். கொடைக்கானல் உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

எங்கள் பகுதிக்குப் பேரே காளவாசல். செங்கல், சுண்ணாம்பு சுடும் சூளைக்குத்தான் அந்தப் பேர். கத்திரி வெயிலில் சிக்னலில் நின்று பாருங்கள், பொருத்தம் புரியும். அந்தச் சூட்டில் பழைய வண்டிக்கு 19 டிகிரி சின்ன விஷயமா?

மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. நடுவில் சின்னதாக ஒரு வால்வு இருக்கும். சூட்டில் விரிந்து பக்கத்து டப்பாவுக்குப் போன கூலன்டை, எஞ்சின் ஆறியதும் திரும்ப உள்ளே விடுவது அதுதான். அது அடைத்துக்கொண்டால் டப்பா நிறைந்தே இருக்கும், ரேடியேட்டர் காயும். காலையில் மேல் ஹோஸ் உறிஞ்சின மாதிரி ஒட்டிப்போய் இருந்தால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியைச் சுற்றிக் காய்ந்த கறை இருந்தாலும் அப்படியே.

கடைக்காரர், "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று 1.1 எழுதிய மூடியை நீட்டுவார். வாங்காதீர்கள். கூடுதல் அழுத்தம் நல்லதுதானே என்று தோன்றும். இருபது வருட ஹோஸும் ரேடியேட்டரின் ஒட்டுகளும் அதைத் தாங்க வேண்டாமா? பழைய மூடியில் உள்ள எண்ணையும் நம்பாதீர்கள், முன்னால் வைத்திருந்தவர் எதை மாட்டினாரோ! வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் கணக்கு.

இன்னொரு அநியாயம், "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. குளிர்ந்த எஞ்சின் சீக்கிரம் தன் சூட்டுக்கு வராமல் பெட்ரோலைத்தான் குடிக்கும். போர் தண்ணீர் ஊற்றுவது அடுத்தது. உங்கள் வீட்டு ஹீட்டர் கம்பியில் படிகிற அதே வெள்ளை உப்புதான் ரேடியேட்டர் குழாயிலும் மூடியின் வால்விலும் படிகிறது. கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகள், நாய்கள் வாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

ஹெட் கேஸ்கெட் போகவே போகாது என்று நான் சொல்லவில்லை. ஆயில் பால் காபி நிறத்துக்கு வந்தால், சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால், ஹெட்டை இறக்கத்தான் வேண்டும். அதற்கு முன் மூடியைப் பாருங்கள் என்கிறேன். அதைச் சோதிக்கக் கைப்பம்பு மாதிரி ஒரு கருவியே இருக்கிறது. 14,000 கேட்கிற கடையில் அது இருக்கிறதா என்று கேளுங்கள்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் வழியில் வண்டி கொதித்ததும் அவசரத்தில் மூடியைத் திருகி, முழங்கை வரை வெந்துபோனான். சட்டை போட்டால் தெரியாது, ஆனால் இன்றும் அந்தக் கையை முழுதாக மடக்க முடியாது. அழுத்தத்தில் அடங்கியிருக்கும் 110 டிகிரி தண்ணீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகச் சீறும். குறைந்தது அரை மணி நேரம் பொறுங்கள். மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள், சூடாகவோ விறைப்பாகவோ இருந்தால் இன்னும் பொறுங்கள். பிறகு தடித்த துணியைப் போட்டு, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, முதல் தடுப்பு வரை மட்டும் திருப்புங்கள். சத்தம் அடங்கியபின் அழுத்தித் திருகிக் கழற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றி ஹெட்டை வெடிக்க விடாதீர்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஞாயிறு காலை என் வீட்டுக்கு வாருங்கள், மூடியை நானே பார்த்துச் சொல்கிறேன். ஓட்டி வந்தவுடன் திறக்கச் சொல்லக் கூடாது. வண்டி ஆறும்வரை உட்கார்ந்து காபி குடிக்க வேண்டும்.