அண்டைப் பள்ளியே அனல் தணிக்கும்

ஞாலம் வெம்மையுற்று வருகின்றது என்பதை இனி எவரும் நமக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 2023-ஆம் ஆண்டில், சூன் திங்கள் தொடக்கத்தில் திறந்திருக்க வேண்டிய தமிழகப் பள்ளிகள், வெயிலின் கடுமையால் 12-ஆம் நாளிலும் 14-ஆம் நாளிலுமே திறக்கப்பெற்றன. அடுத்த ஆண்டும் திறப்பு நாள் தள்ளிப் போயிற்று. எரிபொருள்களினின்று எழும் கரிவளி வான்வெளியில் மிகுந்து வெப்பத்தைத் தேக்குவதே இதற்கு முதன்மைக் கரணியம்.

இந்நிலையில், பள்ளிகளைப் பசுமையாக்குவோம் என்று ஆண்டுக்கொரு நாள் கன்று நட்டு மகிழ்கின்றனர். நடுக! நன்றே! ஆயின், அதே பள்ளி வாயிலில் நாள்தோறும் புகை கக்கி நிற்கும் பேருந்து வரிசையை எவரேனும் எண்ணிப் பார்த்தனரா?

டீசல் எனப்பெறும் எரிநெய் ஓர் இலிட்டர் எரிந்தால், ஏறத்தாழ 2.7 கிலோ கரிவளி வெளிப்படும். நாளொன்றுக்கு 10 இலிட்டர் எரிக்கும் ஒரு பேருந்து, 200 பள்ளி நாள்களில் 5,000 கிலோவிற்கும் மிகுதியான கரிவளியைக் கக்கும். அஃது ஒரே பேருந்தின் கணக்கு! அப் பேருந்துகள் ஏன் ஓடுகின்றன? தம் தெருமுனையிலுள்ள தமிழ்வழிப் பள்ளியைத் தாண்டி, பல கல் தொலைவிலுள்ள ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்வதற்கே பெரும்பாலும் ஓடுகின்றன. ஆங்கில மயக்கம் நம் மொழியை மட்டுமன்று, நாம் உயிர்க்கும் காற்றையும் கெடுக்கின்றது.

அண்டைப் பள்ளி முறையைக் கோத்தாரி கல்விக்குழு 1966-இலேயே வலியுறுத்திற்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டத்தின் வழிவந்த நெறிமுறைகளும், 1 கிலோமீட்டர்த் தொலைவுக்குள் தொடக்கப்பள்ளி வேண்டும் என்கின்றன. காலடித் தடம் பதித்து நடந்து செல்லும் பிள்ளை கரித்தடம் பதிப்பதில்லை.

நம் பக்கத்துக் குறையையும் மறைத்தல் ஆகாது. அண்டைப் பள்ளியில் நல்ல குடிநீரும் தூய கழிப்பறையும் போதிய ஆசிரியரும் இல்லையெனில் பெற்றோர் எங்ஙனம் வருவர்? நிழல் தந்த வேம்பை வெட்டி, முற்றம் முழுதும் கற்காரைத் தளமிட்டு, பகலெல்லாம் அனலைத் தேக்கி வைக்கும் பள்ளிகள் நம்மிடையே இல்லையா? குறிஞ்சிப்பாட்டிற் கபிலர் அடுக்கிய 99 மலர்களை மனப்பாடஞ் செய்விக்கின்றோம். அவற்றுள் ஒன்றையேனும் மரத்திற் காட்ட இயலாது நிற்கின்றோம். பொருள் மறைந்தபின் சொல் எத்துணை நாள் வாழும்?

எனவே அன்பர்காள்! அண்டைப் பள்ளியைக் கைக்கொள்ளுங்கள். மேற்கு வெயில் தாக்கும் பக்கத்தில் வேம்பும் புங்கும் நட்டு, கை கழுவும் நீரை அவற்றின் வேருக்குத் திருப்புங்கள். உணவுக் கழிவை எருவாக்குங்கள். 2003-இல் கட்டாயமாக்கப்பெற்ற மழைநீர்ச் சேமிப்பு அமைப்பு அங்குத் தூர்ந்து கிடப்பின், தூரகற்றுங்கள். குறைகளைத் தீர்க்குமாறு அரசை இடித்துக் கேளுங்கள்.

யாவற்றினும் முதலாக, உங்கள் பிள்ளையை அங்கே சேருங்கள். தமிழால் ஊதியம் பெறும் புலவருள்ளேயே சிலர், தம் மக்களை விடியலில் ஆங்கிலப் பள்ளிப் பேருந்தில் ஏற்றிவிட்டுத் தமிழ் கற்பிக்கச் செல்கின்றனர். அவர்தம் சொல்லை ஊர் எங்ஙனம் நம்பும்? மாற்றம் நம் வீட்டு வாயிலினின்றே தொடங்குக!