எண்ணூரை இரண்டு முறை மிரட்டிய எண்ணெய்: கடலைப் பார்த்தார்கள், கால்வாயைப் பார்த்தார்களா?

எண்ணூர்:

கப்பல் மோதினால் எண்ணெய் கடலில் இருந்து வரும். அதற்குத்தான் எல்லா திட்டமும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆனால் எண்ணூரில் ஒரு தடவை கடலில் இருந்து வந்தது. இன்னொரு தடவை முதுகுப் பக்கம் கால்வாய் வழியாக வந்தது. இரண்டு தடவையும் முதலில் இறங்கி அள்ளியது வாளியும் மக்கும்தான்.

வடசென்னை கடலோரத்தில் சென்னை துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி துறைமுகம் என்று கொஞ்ச தூரத்துக்குள் 3 துறைமுகம். பக்கத்திலேயே மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, அனல் மின் நிலையங்கள். நடுவில் கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம். அதைச் சுற்றி தாழங்குப்பம், நெட்டுக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படை வீதி, முகத்துவாரக் குப்பம் என்று மீனவர் ஊர்கள். எண்ணெய் கொட்டினால் எதை முதலில் காப்பாற்றுவது? இந்தக் கேள்விக்கு பதில் ஒரு வரைபடத்தில் இருக்க வேண்டும். அந்த வரைபடம் எண்ணூருக்கு ஏற்ற மாதிரி இருக்கிறதா என்பதுதான் இப்போதைய பிரச்சினை.

2017: கடலில் இருந்து வந்தது

2017-ம் ஆண்டு ஜனவரி 28-ந்தேதி அதிகாலை 4 மணி சுமார். காமராஜர் துறைமுகத்தில் சமையல் எரிவாயுவை இறக்கிவிட்டுக் கிளம்பிய 'பி.டபிள்யூ. மேப்பிள்' கப்பலும், 32 ஆயிரம் டன்னுக்கு மேல் பெட்ரோலிய பொருட்களோடு உள்ளே வந்த 'டான் காஞ்சிபுரம்' கப்பலும் துறைமுகத்துக்கு வெளியே மோதிக்கொண்டன.

எண்ணெய் எதுவும் கசியவில்லை என்றுதான் முதலில் அறிவிப்பு வந்தது. கரையில் கறுப்பாக ஒதுங்கிய பிறகு, கொஞ்சம்தான் என்றார்கள். கணக்கு நாளுக்கு நாள் ஏறி கடைசியில் நூறு டன்னைத் தாண்டியது. கப்பலை ஓட்டப் பயன்படும் கெட்டியான பர்னஸ் ஆயில் அது. தண்ணீர் மாதிரி ஓடாது, அல்வா மாதிரி ஒட்டும்.

அது வாடைக் காற்று வீசும் காலம். வடக்கில் இருந்து தெற்கே ஓடும் கடல் நீரோட்டத்தை மீனவர்கள் வன்னி வெள்ளம் என்பார்கள். தெற்கில் இருந்து வடக்கே போனால் அது தெண்டி. வன்னியில் கலந்த எண்ணெய் எர்ணாவூர், திருவொற்றியூர் தாண்டி மெரினா, பெசன்ட் நகர், திருவான்மியூர் என்று தெற்கேதான் இறங்கியது. முட்டையிட வந்த ஆமைகளும் எண்ணெய் அப்பிச் செத்து ஒதுங்கின.

எர்ணாவூரில்தான் ரொம்ப மோசம். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் தூண்டில் வளைவும் அங்கே உண்டு. அந்த மூலையில் எண்ணெய் வந்து சிக்கிக்கொண்டது. 'சூப்பர் சக்கர்' லாரியைக் கொண்டுவந்து குழாயை விட்டார்கள். கெட்டி எண்ணெயும் குப்பையும் அடைத்துக்கொண்டு லாரி திணறியது. அப்புறம் என்ன, கடலோர காவல் படையினர், கல்லூரி மாணவர்கள், மீனவர்கள் என்று வரிசையாக நின்று வாளியில் அள்ளி கைமாற்றி விட்டார்கள். உலகம் முழுக்க அந்த போட்டோ போனது.

2023: முதுகுப் பக்கம் வந்தது

2023 டிசம்பரில் 'மிக்ஜாம்' புயல். சென்னையே மூழ்கிக் கிடந்த நேரம். மணலி பக்கம் இருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக வெள்ளத்தோடு எண்ணெயும் வந்தது. கொசஸ்தலை ஆற்றில் சேர்ந்து முகத்துவாரம் முழுக்கப் பரவியது. சுமார் 20 சதுர கிலோ மீட்டர் பரப்பில் படலம் இருந்ததாக அப்போது சொல்லப்பட்டது.

மணலி சி.பி.சி.எல். வளாகத்தில் மழைநீரை சரியாகக் கையாளாததால் எண்ணெய் கால்வாய்க்கு வந்தது என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் தெரிவித்தது. தங்கள் குழாயில் கசிவு இல்லை என்று நிறுவனம் சொன்னது. தேசிய பசுமை தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

ஜனங்கள் பாடு? வீட்டுக்குள் வெள்ளத்தோடு எண்ணெய். சுவரில் இடுப்பு உயரத்துக்கு கறுப்புக் கோடு. படகு, வலை எல்லாம் கறுப்பு. வலையில் கெட்டி எண்ணெய் படிந்தால் எவ்வளவு துவைத்தாலும் போகாது, தூக்கிப் போட வேண்டியதுதான். கூழைக்கடா பறவைகள் இறக்கையில் எண்ணெயோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தன. மீனவர்கள் மக்கை வைத்து மொண்டு பீப்பாயில் ஊற்றினார்கள். மிதவைத் தடுப்பும் உறிஞ்சும் எந்திரமும் அப்புறம்தான் வந்தன.

தமிழக அரசு 8 கோடியே 68 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தது. 2 ஆயிரத்து 301 மீனவ குடும்பங்களுக்கு தலா 12 ஆயிரத்து 500 ரூபாய், 787 படகுகளுக்கு தலா 10 ஆயிரம் ரூபாய். பாதிக்கப்பட்ட ஊர்களில் மேலும் 6 ஆயிரத்து 700 குடும்பங்களுக்கு தலா 7 ஆயிரத்து 500 ரூபாய். பைபர் படகு, என்ஜின், வலை என்ன விலை என்று தெரிந்தவர்களுக்கு 10 ஆயிரம் ரூபாய் எந்த மூலைக்கு என்பது புரியும்.

யார் எல்லை?

எண்ணெய் கசிவுக்கு தேசிய அளவில் ஒரு திட்டம் 1996-ல் இருந்தே இருக்கிறது. கடலோர காவல் படைதான் அதற்குத் தலைமை. 700 டன் வரை முதல் நிலை, 10 ஆயிரம் டன் வரை இரண்டாம் நிலை, அதற்கு மேல் மூன்றாம் நிலை. முதல் நிலையை அந்தந்த துறைமுகமும் எண்ணெய் நிறுவனமுமே சமாளிக்க வேண்டும். இந்தக் கணக்குப்படி பார்த்தால் 2017-ல் நடந்தது சின்ன சமாசாரம்! உள்ளூரிலேயே முடித்திருக்க வேண்டியது.

நடுக்கடல் என்றால் காவல் படை. துறைமுக எல்லை என்றால் துறைமுகம். கரை என்றால் மாநில அரசு. பேப்பரில் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முகத்துவாரம்? அது கடலும் இல்லை, கரையும் இல்லை. தினமும் இரண்டு முறை கடல் தண்ணீர் உள்ளே ஏறும், இரண்டு முறை இறங்கும். கால்வாய் ஒரு துறைக்கு, ஆறு ஒரு துறைக்கு, காடு ஒரு துறைக்கு. 2023-ல் முதல் சில நாட்கள் கைநழுவிப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

1979-ல் செய்த வேலை

இதற்கு வழி இல்லாமல் இல்லை. 1979 ஜூனில் மெக்சிகோ வளைகுடாவில் 'இக்ஸ்டாக்' என்ற எண்ணெய்க் கிணறு வெடித்தது. எண்ணெய் அமெரிக்காவின் டெக்சாஸ் கரைக்கு வந்துசேர 2 மாதம் ஆனது. அதற்குள் அங்கே கரையை எல்லாம் பார்த்து, எந்த இடம் எண்ணெயைத் தாங்கும், எது தாங்காது என்று வரைபடம் போட்டார்கள். கரையின் தாங்குதிறன் வரைபடம் என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பல நாடுகள் அதே முறையைப் பின்பற்றின.

1 முதல் 10 வரை மார்க். இதில் மார்க் கூடினால் ஆபத்து கூடுதல். அலை அடிக்கும் பாறைக்கு 1. அலையே கழுவிவிடும். மணல் கரைக்கு 3, 4 என்று வரும். மேல் மணலை வழித்து எடுத்துவிடலாம். கருங்கல் கொட்டிய கரைக்கு 6. இடுக்கில் எண்ணெய் புகுந்தால் மாசக் கணக்கில் கசியும். எர்ணாவூரில் பார்த்தது இதுதான். அலை இல்லாத சேற்றுத் திட்டுக்கு 9. அலையாத்திக் காட்டுக்கு 10. அலையாத்தியின் வேர் சேற்றுக்கு மேலே குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டு மூச்சு விடும். அதன் மேல் எண்ணெய் பூசினால் மரத்துக்கு மூச்சு முட்டும். உள்ளே இறங்கி சுத்தம் செய்யப் போனால் மிதிபட்டே பாதி செத்துவிடும்.

இந்தக் கணக்கை எண்ணூருக்குப் போட்டுப் பாருங்கள். மெரினா மணலுக்கு 3 அல்லது 4 மார்க். எண்ணூர் முகத்துவாரத்தின் சேறுக்கும் அலையாத்திக்கும் 9, 10. ஆனால் எண்ணெய் வந்தால் டி.வி. கேமராவும் பெரிய மனிதர்களும் எங்கே ஓடுவார்கள்? மெரினாவுக்குத்தான்.

வரைபடத்தில் கரையோடு வேலை முடியாது. எங்கே என்ன மீன், பறவை, ஆமை, எந்த மாசத்தில் என்பது இரண்டாவது அடுக்கு. ஜனங்கள் எதற்கு அந்த இடத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்பது மூன்றாவது. படகு நிற்கும் இடம், ஏலம் போடும் இடம், வலை கட்டும் இடம். எண்ணூர் கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் பெண்கள் உண்டு. இவர்களிடம் படகு கிடையாது, வலை கிடையாது. படகை மட்டும் எண்ணினால் இவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஆனால் எண்ணெய்த் தண்ணீரில் உடம்போடு நிற்பது இவர்கள்தான். தோல் அரிப்பு, கண் எரிச்சல் என்று 2023-ல் புகார் சொன்னதும் இந்தப் பக்கத்து ஜனங்கள்தான்.

ஆற்றையே காணோம்!

இந்த ஊருக்கும் வரைபடத்துக்கும் ஏற்கனவே ஒரு பழைய தகராறு உண்டு. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த கடலோர மேலாண்மை வரைபடத்தில் எண்ணூர் கழிமுகத்தின் பெரும்பகுதி எதுவும் கட்டக்கூடாத இடம். பின்னால் அதிகாரிகள் தரப்பில் இருந்து வந்த இன்னொரு வரைபடத்தில் அந்தக் கழிமுகத்தையே காணோம் என்று 2017-ல் மீனவர்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் புகார் கிளப்பினார்கள். கிணற்றைக் காணோம் என்று வடிவேலு போலீசில் புகார் கொடுப்பாரே, அது இங்கே நிஜத்தில் நடந்தது. வரைபடத்தில் இல்லாத ஆற்றுக்கு எந்த அதிகாரி மிதவை அனுப்புவார்?

ஒழுங்காகப் போட வேண்டும் என்றால் ஆட்களுக்குப் பஞ்சம் இல்லை. எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணித்துச் சொல்ல ஐதராபாத்தில் 'இன்காய்ஸ்' என்ற கடல் தகவல் மையம் இருக்கிறது. சென்னையிலேயே கடலோர ஆராய்ச்சிக்கு மத்திய அரசு மையங்கள் உள்ளன. செயற்கைக்கோள் படம் கிடைக்கிறது. ஆனால் காற்று, அலை, நீரோட்டத்தை வைத்துப் போடும் கணக்கு திறந்த கடலுக்கு சரியாக வரும். கால்வாய் திரும்பும் இடம், சாம்பல் படிந்து மேடான இடம், அனல் மின் நிலையத்தின் சுடுதண்ணீர் வந்து விழும் இடம் எல்லாம் சேர்ந்து உள்ளே தண்ணீர் எப்படி ஓடும் என்பது தினமும் அதில் படகு விடுகிறவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

பக்கத்தில் பழவேற்காடு ஏரியில் 'பாடு' என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று முறை வைத்து மீன் பிடிப்பார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் கணக்கு இருக்கிறது. எந்த ஆபீசும் போடாத வரைபடம் அது. எண்ணூரில் இருந்து பழவேற்காட்டுக்கு பக்கிங்காம் கால்வாய் வழியாக தண்ணீர்ப் பாதை இருப்பதால், எண்ணூரில் தடுக்காத எண்ணெய் அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

2025 மே மாதம் கேரளக் கடலில் 'எம்.எஸ்.சி. எல்சா-3' கப்பல் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. அதில் டீசல் 84 டன், பர்னஸ் ஆயில் 367 டன். அங்கே உடைந்த மூட்டையில் இருந்த பிளாஸ்டிக் குருணை கன்னியாகுமரி கரை வரை வந்து ஒதுங்கியது. எண்ணூருக்கு எதிரே தினமும் வரிசையில் நிற்கும் கப்பல்களை இங்கே உள்ளவர்கள் அன்றைக்கு ஒரு தடவை கூடுதலாகத் திரும்பிப் பார்த்திருப்பார்கள்.

உடனே செய்யக்கூடிய வேலை பெரிய செலவு பிடிக்கிற ஒன்றும் இல்லை. மணலி பக்கம் இருந்து வரும் கால்வாய் ஆற்றில் சேரும் இடம் முகத்துவாரத்தைவிட அகலம் குறைவு. அங்கேயே மிதவைத் தடுப்பை முன்கூட்டி வைத்து, மழை எச்சரிக்கை வந்ததும் இழுத்துக் கட்டினால் எண்ணெய் அலையாத்திப் பக்கம் போவதற்கு முன்பே மடக்கலாம். கட்டுவதற்கு கரையில் கம்பம் வேண்டும், படகு வேண்டும், எந்த நேரத்தில் தண்ணீர் ஏறும், எப்போது இறங்கும் என்று தெரிந்த ஆள் வேண்டும். கம்பம் மட்டும் அரசு நட்டால் போதும். படகும் ஆளும் காட்டுக்குப்பத்திலேயே இருக்கிறது.

வடகிழக்கு பருவமழை அக்டோபரில் தொடங்கும்.